உத்தரவில் இல்லாத வரி

ரயில் நிலையத்தில் தனியாக நின்ற பையன், செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட அக்கா தம்பி, பதினாறு வயதில் கல்யாணம் தடுக்கப்பட்ட பெண், அப்பா இறந்து அம்மா வெளியூர் வேலைக்குப் போய்விட பாட்டி கூட்டிவந்து விட்ட குழந்தை. இவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் மேசை. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உரிய அதிகாரங்களைச் சட்டம் தந்திருக்கிறது. இன்றிரவு அந்தக் குழந்தை எங்கே தூங்கும், எந்தப் பள்ளியில் படிக்கும், கூடப்பிறந்தவளோடு ஒரே கூரையின்கீழ் இருக்குமா இல்லையா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. முடிவான பிறகு ஊரில் அதைச் சொல்லும் விதத்தைக் கவனிக்கலாம்: “ஹோமுக்கு அனுப்பிட்டாங்க.” யார் அனுப்பினார்கள் என்பது வினையின் விகுதியிலேயே தெரிகிறது. யாரை அனுப்பினார்கள் என்பதைச் சொல்ல வேண்டிய தேவையே அந்த வாக்கியத்துக்கு இல்லை. நம்முடைய குழந்தைகள் நல அமைப்பின் குறை முழுவதும் இந்த இலக்கணத்தில் அடங்கியிருக்கிறது என்றால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம்; ஆனால் பெரிய அளவில் மிகை இல்லை.

குறை சட்டத்தில் தொடங்கவில்லை. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம் தன் மூன்றாவது பிரிவிலேயே பதினாறு அடிப்படைக் கொள்கைகளை அடுக்குகிறது. தன்னைப் பாதிக்கும் எல்லா நடவடிக்கைகளிலும் முடிவுகளிலும் பங்கேற்கவும் தன் சொல் கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்பது அவற்றில் ஒன்று. குழந்தையைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. 37வது பிரிவு இன்னும் நேரடியாகப் பேசுகிறது: சமூக விசாரணை அறிக்கையைப் பார்த்து, கருத்துச் சொல்லும் பக்குவம் உள்ள குழந்தையானால் அதன் விருப்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு குழு உத்தரவிட வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிரிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. குழந்தை என்ன சொன்னது என்பதை உத்தரவில் எழுத வேண்டும், அதற்கு மாறாக முடிவெடுத்தால் ஏன் என்பதையும் எழுத வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. எழுத வேண்டியதில்லை என்றால் கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். அரசு அலுவலகங்களின் இயல்பு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படிவத்தில் கட்டம் இருந்தால் வேலை நடக்கும். கட்டம் இல்லாத கடமை காற்றோடு போகும்.

குழந்தையையும் குடும்பத்தையும் முடிவெடுக்கும் இடத்துக்குள் கொண்டுவருவதை அன்பின் பெயரால், நாகரிகத்தின் பெயரால் வலியுறுத்துவோர் உண்டு. அது போதாது. கேட்காமல் எடுக்கும் முடிவு அநீதியானது என்பதற்கு முன்பே அது தகவல் போதாத முடிவு. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2016–17இல் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு இதற்குச் சான்று. 9,589 இல்லங்கள், அவற்றில் 3,70,227 குழந்தைகள். பேச்சு வழக்கில் இவற்றையெல்லாம் ‘அநாதை ஆசிரமம்’ என்றே சொல்கிறோம். ஆனால் பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் என்று அந்தக் கணக்கில் வந்தவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர்தான். தாயோ தந்தையோ ஒருவர் உயிரோடு இருக்கும் பிள்ளைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. கணவனை இழந்த ஒரு பெண் தன் பிள்ளையை இல்லத்தில் விடும்போது அவள் தாய்மையைத் துறப்பதில்லை. வேலைக்குப் போகும் பத்து மணி நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பள்ளிச் செலவுக்கு வழி இல்லை, குடிகார மைத்துனன் இருக்கும் வீட்டில் பெண்பிள்ளையை விட மனம் வரவில்லை என்று காரணம் ஏதோ ஒன்று இருக்கிறது. அந்தக் காரணம் எது என்பது அவளுக்குத்தான் தெரியும். “பிள்ளை உன்னிடமே இருக்க என்ன வேண்டும்?” என்ற கேள்வியை அவளிடம் கேட்டால் பதில் சில நேரம் மாதம் சில ஆயிரம் ரூபாயாக இருக்கும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தர வழி இருக்கிறது. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக்கிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று மாற்றுப் பராமரிப்புக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 2009லேயே சொல்லிவிட்டன. கேள்வியைக் கேட்காத இடத்தில் இவை எதுவும் மேசைக்கு வராது. ‘வறுமை’ என்ற ஒற்றைச் சொல் அறிக்கையில் ஏறும், பிள்ளை இல்லத்துக்குப் போகும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. மாமல்லபுரத்தில் குழந்தைகளிடம் நடந்த பாலியல் சுரண்டல் பற்றிய செய்தியிலிருந்து 2007இல் தொடங்கிய பொதுநல வழக்குதான், பத்தாண்டுகள் கழித்து, 2017 மே மாதம் நாட்டிலுள்ள எல்லா இல்லங்களுக்குமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக முடிந்தது. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவுசெய்ய வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் தீட்டி முடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைத்தது. தனித்தனித் திட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாள் குறித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதுவரை எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ளலாம். ஒரு இல்லத்துக்கு ஒரு கோப்பு. உள்ளே நூறு பிள்ளைகள்.

பிரிப்பதில் மட்டும்தான் இந்தத் தவறு நடக்கிறது என்று நினைத்தால் 2020ஐ மறந்துவிட்டோம் என்று பொருள். கொரோனா காலத்தின் நடுவே, அந்த ஆண்டு செப்டம்பரில், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் உள்ளிட்ட 8 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. இல்லங்களில் இருக்கும் குழந்தைகளை 100 நாளில் குடும்பங்களிடம் திருப்பி ஒப்படையுங்கள் என்றது கடிதம். அப்போது நாடு முழுவதும் இல்லங்களில் இருந்ததாக ஆணையம் சொன்ன 2.56 லட்சம் குழந்தைகளில் 1.84 லட்சம் பேர் இந்த 8 மாநிலங்களில் இருந்தார்கள். குடும்பத்தில் வளர்வதே குழந்தைக்கு நல்லது என்ற கொள்கை சரியானதுதான். ஆனால் எந்தக் குடும்பத்தில், எந்தக் குழந்தை? வீட்டில் அடிபட்டு ஓடிவந்தவனும், அம்மாவை நினைத்து ஏங்கி அழுதுகொண்டிருந்தவளும் அந்தக் கடிதத்தின் முன் ஒன்றாகிவிட்டார்கள். ஊரடங்கில் கூலி இழந்த வீடு, திரும்பி வரும் பிள்ளைக்கு என்ன வைத்திருக்கிறது என்று யாரும் விசாரித்திருக்க 100 நாள் போதாது. அப்படித் திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. மொத்தமாக அனுப்புவதும் மொத்தமாகத் திருப்புவதும் எதிரெதிர்க் கொள்கைகள் போலத் தோன்றும். இரண்டிலும் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை என்பதில் அவை ஒன்றுதான்.

குடும்பத்தைக் கேட்டே தீர வேண்டும் என்று சட்டமாகவே எழுதிய முதல் நாடு நியூசிலாந்து. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பூர்வகுடி மாவோரிக் குழந்தைகளை அரசு கூட்டம் கூட்டமாகப் பிரித்து எடுத்து வெள்ளையர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்த்தது. ஜான் ரங்கிஹாவ் தலைமையில் அமைந்த ஆலோசனைக் குழு 1986இல் தந்த ‘புவாவோ தே அட்டா தூ’ என்ற அறிக்கை, சமூக நலத் துறைக்குள்ளேயே இனவெறி ஊறிக்கிடப்பதை முகத்துக்கு நேரே சொன்னது. அதன் விளைவு 1989ஆம் ஆண்டுச் சட்டமும் அது கொண்டுவந்த குடும்பக் குழுக் கூட்டமும். நடைமுறை எளிமையானது. கூட்டத்தை நடத்த ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். தாய் தந்தை மட்டுமல்ல, தாத்தா பாட்டி, அத்தை மாமா என்று குழந்தைக்கு வேண்டியவர்கள் எல்லோரும் அழைக்கப்படுவார்கள். அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததையும் தங்கள் கவலைகளையும் முதலில் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன்பின் அவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தனியே உட்கார்ந்து பேசி ஒரு திட்டத்தோடு கதவைத் திறக்கும். அந்தத் திட்டம் குழந்தைக்குப் பாதுகாப்பானதா என்று பார்ப்பது மறுபடி அதிகாரிகளின் வேலை. இதில் மிக முக்கியமான கட்டம் அதிகாரிகள் வெளியே போகும் அந்த நேரம்தான். கையில் பேனாவோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும் வரை எந்தக் குடும்பமும் தன் உண்மையான பலவீனத்தைப் பேசாது. ‘அவன் குடிப்பான், ஆனால் அண்ணன் சொன்னால் கேட்பான்’ என்பது விசாரணை அறிக்கையில் ஒருபோதும் ஏறாத, ஆனால் ஒரு குழந்தையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கக்கூடிய தகவல்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பது நியாயம். நேர்மையாகச் சொன்னால் ஆய்வு முடிவுகள் நெடுங்காலம் குழப்பமாகவே இருந்தன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு அலசல் ஒன்று, இத்தகைய கூட்டங்களால் கொடுமையோ பிரிவோ மொத்தத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை என்றே முடித்தது. ஆனால் 2023இல் இங்கிலாந்திலிருந்து வந்த முடிவு வலுவானது. 21 உள்ளாட்சிப் பகுதிகளில், நீதிமன்றத்துக்குப் போகும் தறுவாயில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இந்தக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்து பார்த்தார்கள். கூட்டத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் 59 சதவீதத்தின் மீது வழக்கு வந்தது; மற்றவர்களில் 72 சதவீதத்தின் மீது. ஓராண்டு கழித்து அரசின் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் முதல் பிரிவில் 36 சதவீதம், இரண்டாவதில் 45 சதவீதம். முந்தைய ஆய்வுகளுக்கும் இதற்கும் ஏன் இந்த வேறுபாடு? எனக்குத் தோன்றும் காரணம், எப்போது கேட்டார்கள் என்பது. முடிவு எடுத்துவிட்டு அதை விளக்கக் கூட்டும் கூட்டமும், முடிவு இன்னும் திறந்திருக்கும்போது கூட்டும் கூட்டமும் பெயரில் ஒன்றாக இருக்கலாம். பலனில் ஒன்றாக இருக்க முடியாது.

இங்கே எழும் எதிர்ப்புகளில் பலமானது இதுதான்: குழந்தையை வதைத்ததே குடும்பம் எனும்போது அந்தக் குடும்பத்தை எதற்காகக் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வி இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. குடும்பத்தைக் கேட்பது வேறு, குழந்தையைக் கேட்பது வேறு. சில நேரம் இரண்டும் நேர் எதிர். லண்டனில் 2000 பிப்ரவரியில் எட்டு வயதில் கொல்லப்பட்ட விக்டோரியா கிளிம்பியேயின் கதை இதைக் கொடூரமாகக் காட்டியது. அவளை வதைத்தவர்கள் அவளைக் கூட்டிவந்த பெரிய அத்தையும் அந்த அத்தையின் காதலனும். பிரபு லேமிங் நடத்திய விசாரணை, அதிகாரிகள் தலையிட்டிருக்கக்கூடிய 12 தருணங்களைப் பட்டியலிட்டது. அவளுக்குப் பொறுப்பான சமூகப் பணியாளர் மாதக்கணக்கில் அந்த வழக்கைக் கையில் வைத்திருந்தும் அவளைப் பார்த்தது நான்கே முறை. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை. அத்தையிடம் நிறையப் பேசினார்கள். குழந்தையிடம் பேசவில்லை. குழந்தைகளைக் கேட்பதால் ஆபத்து வரும் என்போர் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். அங்கே ஆபத்து, கேட்காத இடத்திலிருந்து வந்தது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும், அதன் பிறகுதான் குடும்பம். யாரை அழைக்கக் கூடாது என்பதையும் அந்த முதல் பேச்சுதான் சொல்லும். நியூசிலாந்துச் சட்டமும் குழந்தையின் நலனுக்கு ஒவ்வாதவரைக் கூட்டத்திலிருந்து விலக்கி வைக்க ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

நம் ஊருக்கே உரிய ஒரு பயமும் உண்டு. குடும்பம் கூடிப் பேசுவது என்றால் நமக்குப் பஞ்சாயத்து நினைவுக்கு வருகிறது. பெரியப்பா பேசுவார், தாய்மாமன் பேசுவார், அம்மா வாசற்படி ஓரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிள்ளை அந்த அறையிலேயே இருக்காது. சாதி மாறிக் காதலித்ததால் வீட்டைவிட்டு வெளியேறிய பதினாறு வயதுப் பெண்ணின் வழக்கில் இப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டுவது அவள் உயிருக்கே உலை வைக்கும். இந்தப் பயம் முழுக்க நியாயமானது. இதற்கு முழுப் பதில் இருக்கிறது என்று நான் பாசாங்கு செய்யவில்லை. சில வழக்குகளில் குடும்பக் கூட்டம் கூடவே கூடாது. ஆனால் அதே பெண்ணின் வழக்கில் இப்போது என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அவள் முன்னால் வைக்கப்படுவது இரண்டே வழிகள்: பெற்றோரோடு போ, இல்லாவிட்டால் பதினெட்டு ஆகும்வரை இல்லத்தில் இரு. இரண்டையும் அவள் கண்டுபிடிக்கவில்லை. அவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று வரலாம். வெளியூரில் இருக்கும் சித்தி, பக்கபலமாக நின்ற ஆசிரியை, படிப்பைத் தொடர ஒரு விடுதி. கேட்பது என்பது குழந்தை சொன்னபடி ஆடுவது என்று நினைப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அவள் காதலனோடு போகிறேன் என்றால் குழு மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டிருந்தால்தான் அந்தச் சித்தியின் பெயர் மேசைக்கு வரும்.

குழந்தைக்கு என்ன தெரியும், சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்லும் என்பார்கள். சொல்லிக்கொடுப்பது நடக்கத்தான் செய்கிறது. பெரிய சாட்சிகளுக்கும் வக்கீல்கள் சொல்லித்தான் தருகிறார்கள்; அதற்காக யாரும் சாட்சி விசாரணையைக் கைவிட்டதில்லை. ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2009இல், கேட்கப்படும் உரிமைக்குக் குறைந்தபட்ச வயது வைக்காதீர்கள் என்று நாடுகளை அறிவுறுத்தியது. நான்கு வயதுப் பிள்ளைக்கு ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்றால் தெரியாது. யார் தலை சீவிவிடுகிறார்கள், ராத்திரி யார் பக்கத்தில் படுப்பாள், யாருடைய செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். கேட்கத் தெரியாதது பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான். ‘அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?’ என்று விவாகரத்து நீதிமன்றக் கேள்வியைத் தூக்கிவந்து கேட்டு, பிள்ளை வாயடைத்துப் போனதும், ‘பக்குவம் இல்லை’ என்று எழுதுவதில் என்ன நியாயம்? அந்தச் சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றத் தேவையே இல்லை. முடிவு பெரியவர்களுடையது, பிள்ளையின் அன்றாடம் பிள்ளைக்குத் தெரிந்தது.

குடும்பத்தின் வாழ்முறை புரியாத அதிகாரம் என்ன செய்யும் என்று நமக்கு நன்றாகவே தெரியும், வெளிநாட்டில் நடக்கும்போது. 2011இல் நார்வேயின் ஸ்டாவஞ்சரில் ஓர் இந்தியத் தம்பதியின் இரு குழந்தைகளை அந்நாட்டுக் குழந்தைகள் நலத் துறை எடுத்துக்கொண்டபோது, கையால் ஊட்டுவதும் ஒரே கட்டிலில் படுக்கவைப்பதும் குற்றமா என்று நாடே கொதித்தது. இந்திய அரசு தலையிட்டது. அடுத்த ஆண்டு அந்தக் குழந்தைகள் சித்தப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டு ஊர் திரும்பின. உறவினரிடம் ஒப்படைக்கலாமே என்று ஆஸ்லோவிடம் கேட்கத் தோன்றிய நமக்கு, விழுப்புரத்திலோ தர்மபுரியிலோ அதே கேள்வி தோன்றுவதில்லை.

நேரம் எங்கே, ஆள் எங்கே என்ற எதிர்ப்பைக் களத்தில் வேலைசெய்பவர்கள் எழுப்பினால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சமூக விசாரணைக்கு 15 நாள், இறுதி உத்தரவுக்கு நான்கு மாதம் என்று சட்டம் கெடு வைக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். அன்றாடக் கூலிக்காரர் மாவட்டத் தலைநகருக்கு வந்து போக ஒரு நாள் சம்பளம் போகும். குழு அமர்வதே பெரும்பாலும் ஒரு குழந்தைகள் இல்ல வளாகத்தில்தான். வந்து உட்காரும்போதே விடை பாதி எழுதப்பட்டுவிட்டது போன்ற தோற்றம். இவற்றுக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், சமயத்தில் குழுவே தாலுகாவுக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையை ஆறு ஆண்டுகள் இல்லத்தில் வைத்திருப்பதற்கும் ஆள் வேண்டும், பணம் வேண்டும். அந்தச் செலவை நாம் எண்ணுவதில்லை. ஒரு நாள் பேச்சுவார்த்தையின் செலவை மட்டும் எண்ணுகிறோம். சட்டம் மட்டும் போதும் என்ற மயக்கமும் வேண்டாம். முன்னோடியான நியூசிலாந்திலேயே, பிறந்த குழந்தைகளைக் குடும்பத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்துச்செல்வது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகவே ஆகிவிட்டது என்று 2020இல் அந்நாட்டு ஆம்புட்ஸ்மேன் கண்டறிந்தார். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அதிகாரம் தன் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

அதனால்தான் பெரிய சீர்திருத்தங்களுக்கு முன்பாக, செலவு அதிகமில்லாத ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது: உத்தரவில் ஒரு வரி. குழந்தை தன் சொற்களில் என்ன சொன்னது. குடும்பத்தில் யாரிடம் கேட்கப்பட்டது, அவர்கள் என்ன திட்டம் சொன்னார்கள். குழு அதற்கு மாறாக முடிவெடுத்திருந்தால் ஏன். மாநில விதிகளில் ஒரு திருத்தமும் படிவத்தில் ஒரு கட்டமும் போதும். பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு ஆதரவு நபர் ஒருவரை நியமிக்க 2020ஆம் ஆண்டு விதிகள் வழி செய்திருக்கின்றன. மற்றக் குழந்தைகளுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்ப அவர் உதவுவார். உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது சட்டம். காரணம் எழுதப்படாத உத்தரவை எதை வைத்து எதிர்ப்பது? காரணம் எழுதப்பட்டால் ஒரு பாட்டியும் வழக்காடலாம். எழுத வேண்டும் என்று ஆகிவிட்டால், எழுதுவதற்காகவாவது கேட்பார்கள். சடங்காகத் தொடங்குவது சில இடங்களில் சடங்காகவே நிற்கும், சில இடங்களில் உண்மையாகும்.

சென்னை சென்ட்ரலில் இறங்கி நிற்கும் பீகார்ச் சிறுவனை எடுத்துக்கொள்வோம். அவனைப் பற்றிய உத்தரவு தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அவன் பேசுவது போஜ்புரி. இன்றைய உத்தரவை அவனிடம் ஒரு வார்த்தை பேசாமலே எழுதி முடித்துவிட முடியும். அந்த ஒரு வரி கட்டாயமாக இருந்தால், பேனாவை எடுப்பதற்கு முன் யாராவது எழுந்துபோய் போஜ்புரி தெரிந்த ஒருவரைத் தேடிக் கூட்டிவந்தாக வேண்டும்.